வசனத்தை வாழ்க்கையில் கைக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீடுகளில் நடக்கும் எங்கள் வேதபாட வகுப்புகளில் வருடந்தோறும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஓய்வுநாள் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்த ஒரு சாதாரண விசுவாசியினுடையவை. வசனங்களைப் பெரும்பாலும் நமது சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

ஒரு வசனம் எனக்கும் பொருந்துமா என்பதை எப்படி அறிந்துகொள்வது?

கொட்டாஞ்சேனையில் நான் அரிசி வாங்கும் சில்லறைக் கடையில், காசு மேசைக்கு மேலே, போன வருடத்து நாட்காட்டியின் அட்டை இன்னும் தொங்குகிறது. திகதித் தாள்கள் எல்லாம் கிழிந்து தீர்ந்துவிட்டன. அட்டையில் "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனம் இருப்பதால் முதலாளிக்கு அதைக் கழற்ற மனம் வரவில்லை. புதுக்கடை திறப்பு, புதுமனை புகுதல், பிள்ளையின் முதல் வேலை என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவ்வளவு அதிகமாக எழுதித் தொங்கவிட்ட வசனம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

இது யோபு 8:7. இதைச் சொன்னவர் கர்த்தரல்ல; யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சூகியனான பில்தாத். தன் ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த தகப்பனிடம் அவன் இதைச் சொல்கிறான். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னே, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் தேவன் அவர்களைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்தார் என்ற பொருளில் அவன் பேசியிருக்கிறான். நீ சுத்தமாயிருந்தால் உன் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பதுதான் அந்த வாக்கின் முழு வடிவம். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யோபின் சிநேகிதர்மேல் கோபங்கொண்டு, "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கண்டிக்கிறார்.

கடைக்காரரிடம் இதை நான் சொன்னதில்லை. யோபின் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று அதே 42ஆம் அதிகாரம் முடிகிறபடியால், பில்தாத்தின் சொல் அவன் நினையாத வழியில் பலித்தும் இருக்கிறது. கடையில் தொங்குகிறவரை அந்த வசனத்தால் ஒருவருக்கும் தீங்கில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போய், அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இதையே சொல்வோமானால், நாம் பில்தாத்தின் இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஆகையால் எந்த வசனத்தைக் கையில் எடுத்தாலும், இதைச் சொல்கிறவர் யார், யாரிடம் சொல்கிறார், அப்போது அந்த மனிதர் எந்த நிலைமையில் இருந்தார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். இதற்குக் கிரேக்கமோ எபிரெயமோ தெரியவேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் வாசிக்கும் பொறுமை இருந்தாலே போதும்.

அப்படியானால் புதுவருடத்தில் வாக்குத்தத்த வசனம் எடுப்பது தவறா?

டிசெம்பர் 31ஆம் திகதி இரவு ஆராதனை முடிந்து, நித்திரைக் கண்ணோடு வரிசையில் நின்று, தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுக்கும் பழக்கத்தைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஒரு வருடத்துக்கு ஒரு வசனமாவது மனதில் நிற்கும் என்றால் அது லாபமே. எடுத்த அட்டையை அதிர்ஷ்டச் சீட்டாக்குவதுதான் தவறு.

அடிக்கடி அகப்படும் அட்டை எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் கொழும்பில் எத்தனையோ பேர். இந்த அட்டை கையில் வந்ததும், விசா இந்த வருடம் கட்டாயம் கிடைக்கும் என்று அவர்கள் நினைப்பது இயல்பு.

ஆனால் இந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலே இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. இரண்டு வருடத்துக்குள் எல்லாரும் வீடு திரும்பலாம் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அப்போது அறிவித்திருந்தான். சனங்கள் கேட்க விரும்பியதும் அதைத்தான். எரேமியா எழுதியதோ எழுபது வருடம். அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே கண்மூடப் போகிறார்கள். அதுவரையில் என்ன செய்வது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள் என்று கடிதம் சொல்கிறது. பின்பு, யூதருக்கு விழுங்கக் கடினமான ஒன்றையும் சொல்கிறது: உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம்பண்ணுங்கள்.

கொழும்புத் தமிழருக்கு இந்த ஏழாம் வசனம் எளிதானதல்ல. 1983 ஜூலையில் இந்த நகரத்தில் வீடும் கடையும் எரிய, அகதி முகாமிலிருந்து கப்பலில் வடக்கே போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். இது நமது ஊரா, தங்குமடமா என்ற கேள்வி அவர்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. எரேமியா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இருக்கிற இடத்தில் மரம் நடு என்று மாத்திரம் சொல்கிறார். விசாவுக்காகக் காத்திருக்கும் ஒருவர் இந்த வசனத்தைக் கைக்கொள்ள விரும்பினால், விண்ணப்பத்தின் முடிவு எதுவாயிருந்தாலும் இன்றைக்குத் தன் தெருவுக்கும் தொடர்மாடிக்கும் தன்னால் என்ன நன்மை உண்டு என்று பார்க்கலாம். "எப்படியும் போய்விடுவோம்தானே" என்று அயல்வீட்டுக்காரரின் பெயரைக்கூட அறியாமல் ஆறு வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

வேதாகமத்தில் "நீங்கள்" என்று வரும்போது அது என்னைக் குறிக்குமா?

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. ஒருமையையும் பன்மையையும் "நீ", "நீங்கள்" என்று நமது மொழி பிரித்துக் காட்டுகிறது. ஆனால் நாம் மரியாதைக்காக ஒரே ஆளையும் "நீங்கள்" என்கிறோம். ஆகவே "உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்" என்று வாசிக்கும்போது, கடவுள் நம்மைத் தனியாக, மரியாதையோடு அழைப்பதுபோலக் காதில் விழுகிறது. பழைய திருப்புதலிலோ, கர்த்தர் ஒருவரிடம் பேசினால் அது "நீ"தான். "நீங்கள்" என்றால் பலர்.

இந்த வேறுபாட்டைக் காட்ட லூக்கா 22:31, 32ஐ வகுப்பில் வாசிக்கச் சொல்வேன். "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார் ஆண்டவர். புடைக்கப்படப் போகிறவர்கள் சீஷர் எல்லாரும். வேண்டுதலோ விழப்போகும் சீமோன் பேதுருவின் பேரைச் சொல்லி. (சுளகு என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, தொடர்மாடிச் சமையலறையிலும் அது ஒரு மூலையில் சாத்தியிருக்கும்.) சீமோனுக்குச் சொன்ன "நீ"யை நமக்கென்று எடுத்துக்கொள்ளுமுன், அவர் நம்மைச் சேர்த்துச் சொன்ன "நீங்கள்" எது என்று தேடுவது நல்லது.

கர்த்தருடைய ஜெபத்தில் "எனக்கு" என்ற சொல்லே இல்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றே இருக்கிறது. 2022இல் எரிவாயுவுக்கு நாங்கள் விடியற்காலையில் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசை வைத்த நாட்களில், இந்த ஒரு சொல் எனக்குத் தொண்டையில் சிக்கியது. வீட்டில் ஒரு நிறைந்த சிலிண்டர் இருக்க, இன்னொன்றுக்காக வரிசையில் நின்றவன் நான். எங்களுக்குத் தாரும் என்று ஜெபித்துவிட்டு, எனக்கு மாத்திரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். மன்னாவை மறுநாளுக்கு மீத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போயிற்று என்று யாத்திராகமம் 16 சொல்வதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். அது வரிசையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது நல்லது?

இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதல் ஒன்று. கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் மற்றொன்று. பழையதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனப்பாடம் செய்ய அதைப்போல் வேறொன்றில்லை. ஆனாலும் சொற்கள் கைமாறும்போது பொருள் தேய்ந்துவிடுகிறது. "சமாதானம்" என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையுமே. எரேமியாவின் "ஷாலோம்" என்ற சொல்லில் சுகம், செழிப்பு, குறைவில்லாத நிலை எல்லாம் அடக்கம். புதிய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் நல்வாழ்வு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் அகராதி இல்லாமலே பாதி விளங்கும்.

ஒரு பக்கக் குறிப்பு: வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்ப்பது வெளியூரார் வேலை மட்டுமல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1759இல், பிலிப் டி மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு கொழும்பிலேயே அச்சேறியது. அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் செய்த மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர், பின்னாளில் சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை இன்றைக்கு எப்படிக் கைக்கொள்வது?

பலிகளும் ஆசாரியரின் சடங்குகளும் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன என்று எபிரெயர் நிருபம் நீளமாக விளக்குகிறது. எஞ்சியவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடும். அந்த வாக்குவாதத்துக்குள் இங்கே போகவில்லை. சட்டத்தின் உள்ளே இருக்கும் அக்கறையைத் தேடுவதே எனக்குப் பயன்பட்ட வழி.

உபாகமம் 22:8 புது வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை கொடுக்கிறது. ஒருவன் உன் மெத்தையிலிருந்து, அதாவது வீட்டின் மேல்தளத்திலிருந்து, விழுந்து, இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதபடிக்கு, அதற்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். இஸ்ரவேலரின் வீட்டுக்கூரை தட்டையானது. அங்கே ஆட்கள் நடமாடுவார்கள். நமது வீட்டுக் கூரைமேல் யாரும் உலாவுவதில்லை. ஆனால் அதன் பீலியில் மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும். நுளம்பு மதிலுக்கு அப்பால் போகும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கொழும்பு மாவட்டம் மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. என் வீட்டின் கவனக்குறைவால் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை சாகக்கூடும் என்பதையே மோசே சொல்கிறார். சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று கேள்விப்பட்டு அவசரமாகப் பூச்சாடித் தட்டைக் கவிழ்ப்பதும், உபாகமத்தை வாசித்துவிட்டு ஞாயிறுதோறும் பீலியைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்று நான் படிப்பித்தால் வகுப்பில் சிரிப்பார்கள். ஆனால் இதைவிட நேரான பொருத்தம் அந்தச் சட்டத்துக்கு எனக்குத் தெரியவில்லை.

அயல்வீட்டார் தரும் தீபாவளிப் பலகாரத்தையும் வெசாக் தன்சல் சாப்பாட்டையும் வாங்கலாமா?

தன்சல் என்பது வெசாக் பண்டிகையில் பௌத்தர் வழிப்போக்கருக்கு இலவசமாக இடும் சாப்பாடு. கொழும்பில் ஒரே மாடிப்படியில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறி இறங்குகிறோம். ஆகவே இது வருடத்துக்கு நான்கு முறையாவது வரும் கேள்வி. கொரிந்துப் பட்டணத்து விசுவாசிகளுக்கும் இதே நெருக்கடி இருந்தது. சந்தை இறைச்சியில் பெரும்பகுதி கோயில்களில் படைக்கப்பட்டு வந்ததாயிருக்கலாம். பவுல் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லாமல் மூன்று அதிகாரங்களை எடுத்துக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை). அந்த நீளத்தைக் கவனியுங்கள். ஒரே வசனத்தைச் சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவைக்கிறவர் யாராயிருந்தாலும் பவுலைவிட அவசரக்காரர்.

சுருக்கமாக அவர் சொல்வது இது. விக்கிரகம் ஒன்றுமில்லை, போஜனம் நம்மைத் தேவனுக்கு ஏற்புடையவர்களாக்காது. விக்கிரகப் பந்தியில் பங்குபற்றி வழிபாட்டில் சேருவது கூடாது. கடையில் விற்கிறதை விசாரியாமல் வாங்கிச் சாப்பிடலாம். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போய், வைத்ததைச் சாப்பிடலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதிருங்கள்.

என் சொந்தத் தீர்ப்பு: முறுக்கும் பயற்றம் உருண்டையும் தட்டில் வைத்துக் கதவைத் தட்டும் அயலவர் தருவது நட்பு, அதை நன்றி சொல்லி வாங்குகிறேன், தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதுமில்லை. நத்தாருக்கு எங்கள் கேக் அதே படியால் கீழே போகிறது. தன்சலில் வழிப்போக்கர் எல்லாருக்கும் கொடுக்கும் சோற்றையும் அவ்வாறே பார்க்கிறேன். பூசையில் வைத்த பிரசாதம் என்று சொல்லித் தந்தால், "எங்களுக்கு இந்த வழக்கம் இல்லை, குறை நினையாதேங்கோ" என்று கைகூப்பிச் சொல்லிவிடுவேன். இதுவரை ஒருவரும் கோபித்ததில்லை. அண்மையில் மதம் மாறிய ஒருவர் என்னோடு இருந்து, பலகாரத்தைக் கண்டே மனம் தடுமாறுவாரானால், அன்றைக்கு முறுக்கும் வேண்டாம். என் போஜனம் என் சகோதரனுக்கு இடறலாகக் கூடாது என்பதே எட்டாம் அதிகாரத்தின் முடிவு.

நோய்க்கு மருந்து எடுப்பது அவிசுவாசமா?

இல்லை. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருட ஆயுளை வாக்களித்த பிறகும், அவன் பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொல்கிறார் ஏசாயா. எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு, வைத்தியரிடம் போகாதே என்று சொல்லவில்லை. சீனி வருத்தத்துக்கான மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

எழுபதுதரம் ஏழு முறை மன்னிக்க வேண்டுமென்றால், அடிக்கிற கணவனோடும் வாழவேண்டுமா?

இந்தக் கேள்வி கூட்டத்தில் சத்தமாகக் கேட்கப்படுவதில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துவைக்கும்போது, மெதுவாக, "எனக்குத் தெரிந்த ஒருவருக்காக" என்று கேட்கப்படும்.

மத்தேயு 18இல் அந்த வார்த்தை வரும் இடத்துக்குச் சற்று முன்னேதான், குற்றம் செய்கிறவனைத் தனியே கண்டி, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். மூடிமறைப்பதை அவர் மன்னிப்பு என்று அழைக்கவில்லை. லூக்கா 17:3 இன்னும் தெளிவு: "அவனைக் கடிந்துகொள்; அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக."

தாவீதைப் பாருங்கள். சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது அவன் விலகித் தப்பி ஓடினான். பின்பு சவுலைக் கொல்ல வாய்ப்பு வந்தும் கை வைக்கவில்லை. பழிவாங்குதலைக் கர்த்தருக்கே விட்டான். 1 சாமுவேல் 26இல் சவுல், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யேன் என்கிறான். சவுல் நித்திரையாயிருக்கையில் எடுத்துவந்த ஈட்டியைத் தாவீது திருப்பிக் கொடுக்கிறான். அதுவும், வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்று தூரத்தில் நின்றே சொல்கிறான். சவுலோடு வீட்டுக்குப் போகவில்லை. "தாவீது தன் வழியே போனான்" என்று அந்த அதிகாரம் முடிகிறது. மனதில் பகை இல்லாமலும் ஈட்டிக்கு எட்டாத தூரத்திலும் ஒருவர் இருக்க முடியும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அப்படிச் செய்யும் ஒரு சகோதரியிடம் "பொறுத்துப் போ, பிள்ளை" என்று வசனம் சொல்லித் திருப்பியனுப்பும் மூப்பர்கள், அவள் வீட்டில் ஒரு இரவு தங்கிப் பார்த்த பிறகு பேசலாம்.

ஈஸ்டர் ஞாயிறன்று ஆராதனையிலிருந்தவர்கள் ஏன் மரிக்க வேண்டும்? பாதுகாப்பை வாக்களிக்கும் சங்கீதம் 91 என்னவாயிற்று?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சியோன் சபையிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடை எங்கள் வகுப்பு நடக்கும் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அடுத்த வாரங்களில் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டேன். ஒன்று, அவர்களிடம் ஏதோ குறை இருந்திருக்கும் என்பது. மற்றது, நான் அன்று போகாதபடி கர்த்தர் என்னைத் தடுத்தார் என்ற சாட்சி. இரண்டாவதைச் சொன்னவர்கள் நன்றியோடுதான் சொன்னார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தச் சாட்சியைக் கேட்டால் அவளுக்கு என்ன விளங்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை நான் அதற்கு முன்னே பலமுறை வாசித்தும் கவனித்திருக்கவில்லை. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டி, அவர்கள் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்த செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். ஆராதனையிலேயே கொல்லப்பட்டவர்கள். அவர்கள் மற்றெல்லாரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப்பற்றியும் அதையே சொல்கிறார். ஏன் என்ற கேள்விக்கு அவர் காரணம் தரவில்லை. தப்பியிருக்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று மாத்திரம் சொல்கிறார். அது கடினமான சொல். ஆனால் செத்தவர்களை நோக்கி நீட்டிய விரலை அது தப்பினவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறது.

சங்கீதம் 91ஐப் பொறுத்தவரை, அதைப் பாதுகாப்புச் சீட்டாக எடுத்துக் காட்டியவன் வேதத்தில் ஒருவனே: தேவாலயத்து உப்பரிகையில் நின்று, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று சொன்ன பிசாசு. இயேசு அந்தச் சங்கீதத்தை மறுக்கவில்லை. அதை வைத்துத் தேவனைப் பரீட்சை பார்க்க மறுத்தார். பிற்பாடு அவருடைய கைகால்களைத் தூதர்கள் யாரும் ஏந்திக்கொள்ளவில்லை. அதே சங்கீதத்தின் 15ஆம் வசனம் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. அதாவது, ஆபத்து வரும். துக்க வீடுகளில் நான் இப்போது வசனம் சொல்வதைக் குறைத்துவிட்டேன். யோபின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் அவனோடே தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அது ஒன்றுதான்.

சம்பளம் மாத முடிவுக்கே போதவில்லை. தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் வருமா?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பாணின் விலையைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களைப் பேக்கரி வாசலில் பார்த்தோம். அந்த மாதங்களில், தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள் என்ற மல்கியா 3:10ஐ வைத்து, கொடுக்காததால்தான் கஷ்டம் என்று பிரசங்கிக்கப்பட்டதை நான் கேட்டேன். பொதுவாகப் பிரசங்கியாரை விமர்சிப்பது என் வழக்கமில்லை. அன்று வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

மல்கியாவின் பண்டசாலை, நிலம் இல்லாத லேவியருக்கும் ஆலய ஊழியத்துக்கும் தானியம் சேர்த்துவைத்த இடம். உபாகமம் 14இன் முடிவிலோ, மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை வாசலிலே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையட்டும் என்றிருக்கிறது. ஆகவே பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லாத விதவையிடம் தசமபாகம் கேட்பது சட்டத்தைத் தலைகீழாக வாசிப்பது. அந்தச் சட்டப்படி அவள் பெறுகிறவர்களின் வரிசையில் நிற்கவேண்டியவள். பவுல் கொரிந்தியருக்குக் காணிக்கைபற்றி எழுதும்போது, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறார். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும் வீடுகளில் பத்தில் ஒன்று என்பது பெரும்பாலும் மிகவும் சிறிய தொகை. அவர்கள் பத்தோடு நிறுத்திக்கொள்ள மல்கியாவைத் துணைக்கு அழைக்கக்கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். விரல் "யூதாஸ் நான்றுகொண்டு செத்தான்" என்ற இடத்திலும் படலாம்.

வேலைக்குப் போய்வரும் நாளில் எவ்வளவு வாசிப்பது?

அளவைவிட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே பயன் தரும். பிலிப்பியர் நிருபத்தில் நான்கு அதிகாரங்கள், 104 வசனங்கள்தான். வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குவதற்குள், காலி வீதி நெரிசலில், அதை ஒருமுறை முழுவதும் வாசித்துவிடலாம். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து காலையும் அதையே வாசியுங்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் முதல் நாளில் பரீட்சைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் சொன்னதுபோல இருக்கும். மூன்றாம் நாளளவில் அதற்கு முந்திய வரி கண்ணில் படும்: திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று, காவலில் கட்டுண்டிருந்து எழுதுகிறார் பவுல். ஐந்தாம் நாளில், நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகள் ஒரே சிந்தையாயிருக்கும்படி அவர் பெயர் சொல்லிக் கெஞ்சுவதைக் காண்பீர்கள். கடிதம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது அந்த இருவரும் அங்கே உட்கார்ந்திருந்திருப்பார்கள். உங்கள் சபையில் நீங்கள் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ, அந்த முகம் அநேகமாகக் கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் நினைவுக்கு வந்துவிடும். அப்போது புத்தகத்தை மூடிவிட்டு, தொலைபேசியை எடுங்கள்.